பாஸ்டன் ஆல்பத்தை உதாரணம் காட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

"பாஸ்டன் இசைக்குழுவின் முதல் ஆல்பமே வீட்டு நிலவறையில் செய்ததுதான். அது 1.7 கோடி பிரதி போயிருக்கிறது. நான் எதற்கு ஸ்டுடியோவுக்குக் காசு அழ வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாய். நீ சொல்வதில் பாதி உண்மை. உன் பணத்துக்கும் காலத்துக்கும் வேட்டு வைக்கப்போவது மீதிப் பாதி.

பாஸ்டன் குழுவின் தலைவர் டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், போலராய்டு கம்பெனியில் வேலை பார்த்தவர். மசாசூசெட்ஸ் மாநிலம் வாட்டர்டவுனில் வீட்டு நிலவறை, குளிருக்கு மூட்டும் உலை, அதற்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஸ்கல்லி 12 டிராக் டேப் மெஷின், அதாவது 12 ஒலிகளைத் தனித்தனித் தடமாகப் பதியும் கருவி. கிட்டார், பேஸ், ஆர்கன் எல்லாம் பெரும்பாலும் அவர் ஒருவரே. டிரம்ஸில் பெரும்பாலும் சிப் ஹாஷியான். ஆனால் அந்தப் பாட்டுகள் அங்கே புதிதாகப் பிறந்தவை அல்ல. வருடக்கணக்கில் டெமோவாக (மாதிரிப் பதிவாக) வாசித்து, கம்பெனிகள் திருப்பி அனுப்பி, மறுபடி வாசித்துத் தேய்த்தவை. ரெக்கார்ட் பட்டனை அழுத்தும்போது எந்த பாரில் (தாளச் சுற்றில்) எந்தக் கிட்டார் நுழைய வேண்டும் என்பது முடிவாகியிருந்தது. நீயோ அறையில் உட்கார்ந்து மைக்கைப் போட்டுவிட்டுப் பாட்டைத் தேடுகிறாய்.

ஆல்பத்தை வெளியிட்ட, சி.பி.எஸ்.ஸின் கிளையான எபிக் கம்பெனி, லாஸ் ஏஞ்சல்ஸில் முறையான ஸ்டுடியோவில் மறுபடி பதிவு செய்யச் சொன்னது. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் குழுவின் மற்றவர்களை மட்டும் அங்கே கூட்டிப்போய் 'லெட் மீ டேக் யூ ஹோம் டுநைட்' பாட்டைப் பதிவு செய்தார். கம்பெனியின் கண் அங்கே இருக்க, ஷோல்ஸ் நிலவறையிலேயே மற்றதை முடித்தார். பிறகு பிராவிடன்ஸ் நகரிலிருந்து ரெக்கார்டிங் வண்டி ஒன்று வந்து, நிலவறை ஜன்னல் வழியாகக் கேபிள் இழுத்து, எல்லாவற்றையும் 24 டிராக் டேப்புக்கு மாற்றியது. பாடகர் பிராட் டெல்ப்பின் குரல், எல்லாத் தடங்களையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் இரண்டும் நடந்தது லாஸ் ஏஞ்சல்ஸில். கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுகிற பகுதி இது. வாத்தியம் நிலவறை, குரலும் மிக்ஸும் ஸ்டுடியோ. உனக்கும் இந்தப் பங்கீடுதான் சரிப்படும்.

இனி அந்தக் கிட்டார். 100 வாட் வால்வ் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) இனிமையாகக் கரகரப்பது பவர் வால்வுகளை முழுக்க விரட்டும்போதுதான். அந்தச் சத்தத்தை வீட்டில் வைக்க முடியாது. ஷோல்ஸ் ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு பெட்டியைப் போட்டு, சக்தியில் பெரும்பகுதியைச் சூடாக மாற்றி வீணடித்தார். பின்னாளில் அதையே 'பவர் சோக்' என்று சொந்தக் கம்பெனியில் விற்றார். நீ இன்று அட்டனுவேட்டர் என்கிற இதே மாதிரிப் பெட்டி வாங்கினால் இரண்டு விஷயம் பார். ஆம்ப் வெளியீடு 8 ஓம் என்றால் பெட்டியும் 8 ஓம். பெட்டி தாங்கும் வாட், ஆம்ப்பில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் முழுக்கத் திருகிய 100 வாட் ஆம்ப் 100-ஐத் தாண்டித் தள்ளும். ஸ்பீக்கரும் இல்லாமல் பெட்டியும் இல்லாமல் ஒரு முறை ஆன் செய்து வாசித்தாலும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். அது மலிவான பாகம் இல்லை.

அந்த ஒலியில் பாதி கரகரப்புக்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. ஆம்ப்புக்கு முன்னால் ஈக்வலைசர் (சுருதி வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் கருவி) வைத்து 800 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை 5, 6 டெசிபல் ஏற்றிப் பார். கிட்டார் பாடத் தொடங்கும். ஆம்ப்புக்குப் பின்னால் அதே அளவு ஏற்றினால் மூக்கால் பேசுவது போலத்தான் வரும்.

அகலமாகக் கேட்பது, ஒரே பகுதியை இரண்டு தடவை உண்மையாகவே வாசித்து இடதும் வலதுமாக வைத்ததால். நீ அனுப்பிய டிராக்கில் ஒன்றையே காப்பி எடுத்து 15 மில்லிசெகண்ட் தள்ளி வைத்திருக்கிறாய். ஹெட்போனில் பிரமாதம், இடதையும் வலதையும் ஒன்றாக்கும் மோனோ பட்டனை அழுத்து, தகர டப்பாவுக்குள் வாசிப்பது போலாகிவிடும். தள்ளி வைத்த நகல் சில அலைவரிசைகளை அப்படியே வெட்டிவிடுகிறது. இரண்டாம் முறை கைப்பட வாசி. ஒவ்வொரு டேக்குக்கும் முன் டியூன் பார். தனியாகக் கேட்கும்போது 'கெய்ன் (கரகரப்பு அளவு) கொஞ்சம் போதவில்லையே' என்று தோன்றும் அளவில் வை. நான்கு கிட்டார் சேர்ந்ததும் அது சரியாக இருக்கும். இப்போது நீ வைத்திருக்கும் அளவில் வெறும் சேறுதான்.

விற்பனைக்கு வருவோம். ஆல்பம் 1976 ஆகஸ்ட் 25-ல் வெளிவந்தது. 'மோர் தேன் எ ஃபீலிங்' அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 5-ஆம் இடம், ஆல்பம் 3-ஆம் இடம். ஆல்பம் முதலிடத்துக்கு வரவே இல்லை! ஆனாலும் அந்த வருடமே பிளாட்டினம் (பத்து லட்சம் பிரதி), 2003-க்குள் 17 மடங்கு பிளாட்டினம். நீ சொன்ன 1.7 கோடி அதுதான். அது அமெரிக்கக் கணக்கு மட்டும். கடைகளுக்கு அனுப்பிய பிரதிகளை வைத்துத் தருகிற சான்று. இவ்வளவு காலம் ஓடியதற்கு நிலவறை காரணமில்லை. மொத்தம் 8 பாட்டு, 38 நிமிடத்துக்கும் குறைவு, கிட்டத்தட்ட எதை எடுத்தாலும் எஃப்.எம். ராக் நிலையங்கள் போட முடிந்தது. வானொலியில் ஒரு பாட்டு தேய்ந்தால் அடுத்தது தயார். பின்னால் நாடு முழுக்க இசைத்தட்டைக் கொண்டுசேர்க்கிற சி.பி.எஸ். கம்பெனி இருந்தது. உன் 14 பாட்டில் 6 நிரப்பல். வெட்டு.

நிலவறைக்கு இன்னொரு முகமும் உண்டு. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் வேலை முடியாது. இரண்டாவது ஆல்பம் 1978, மூன்றாவது 1986. நடுவில் தாமதத்துக்காக சி.பி.எஸ். நீதிமன்றம் போனது. உனக்கு யாரும் வழக்குப் போடமாட்டார்கள், அதனால் நீயே காலண்டரில் ஒரு தேதியை வட்டமிட்டு வை.

குரலுக்கு இரண்டு நாள், மிக்ஸுக்கு நான்கு நாள் என்று ஸ்டுடியோ பேசிக்கொள். போகும்போது எல்லா டிராக்கையும் எஃபெக்ட் இல்லாமல், 24 பிட் வேவ் கோப்பாக, எல்லாம் ஒரே பூஜ்ஜியப் புள்ளியில் தொடங்கும்படி எடுத்துக்கொண்டு போ. 'கிட்டார் 1 ஃபைனல் ஃபைனல் 3' என்றெல்லாம் பெயர் வைக்காதே.

அன்புடன்,
அண்ணன்