பாராக்குவாட் களைக்கொல்லிக்குத் தடை கோரியும், மருந்தடிக்கும் தொழிலாளர்களுக்கு நரம்புப் பரிசோதனை கோரியும் மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நான் பொள்ளாச்சி வட்டத்தைச் சேர்ந்தவள். என் அப்பா முப்பது வருடம் தென்னந்தோப்புகளில் கூலிக்கு மருந்தடித்தவர். 16 லிட்டர் டேங்க்கை முதுகில் மாட்டி, புல் காய மருந்தடிப்பார். டேங்க் எப்போதும் ஒழுகும். சட்டையின் முதுகுப்புறம் நனைந்தே வீடு வருவார். மருந்தைக் கலக்க வேப்பங்குச்சி. கையுறை என்று ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. வாய்க்காலில் கை அலம்பிவிட்டுச் சோறு உண்பார்.

நான்கு வருடத்துக்கு முன் வங்கியில் பணம் எடுக்கப் போனபோது, கையெழுத்து பொருந்தவில்லை என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய கையெழுத்து பெரிதாக, சாய்வாக இருக்கும். இப்போது எறும்பு ஊர்ந்த மாதிரி. அதற்கு முன்பே குழம்பு வாசம் தெரியவில்லை என்று சொல்லியிருந்தார்; சளி என்று விட்டுவிட்டோம். மருத்துவர் பார்த்துவிட்டு, கை நடுங்கி உடல் இயக்கம் குறையும் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்றார். இன்று சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறார்.

அப்பாவுக்கு மருந்தால்தான் இது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு தனி ஆளுக்கு அதை நிரூபிக்க முடியாது என்று மருத்துவரும் சொன்னார். மருந்து வாங்கிய ரசீதுகூட எங்களிடம் இல்லை. கடையில் எழுதிக் கொடுத்ததும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்து தெளிப்பவர்களை வைத்து நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. புல் காய அடிக்கும் பாராக்குவாட்டைப் பயன்படுத்தியவர்களிடம் இந்நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. பிரான்ஸ் 2012-லேயே பூச்சிமருந்தோடு புழங்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் பாராக்குவாட்டுக்கு அனுமதி இல்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? கேரள அரசு 2011-ல் தடை செய்த மருந்துகளில் பாராக்குவாட்டும் ஒன்று. எங்கள் ஊரிலிருந்து எல்லை கூப்பிடு தூரம். அந்தப் பக்கத் தோப்பில் ஆகாதது இந்தப் பக்கத் தோப்பில் மட்டும் எப்படி ஆகும்?

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, பிரிவு 27-ன்படி மாநில அரசு ஒரு மருந்தின் விற்பனையையும் பயன்பாட்டையும் 60 நாட்கள் வரை நிறுத்திவைக்கலாம். மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு 2023-ல் நம் அரசே அப்படிச் செய்திருக்கிறது. பாராக்குவாட்டுக்கும் அதே நடவடிக்கை எடுக்கவும், நிரந்தரத் தடைக்கு மத்திய அரசை வலியுறுத்தவும் தங்கள் பரிந்துரையை அரசுக்கு அனுப்ப வேண்டுகிறேன்.

தங்கள் அளவிலேயே ஆகக்கூடியவையும் உண்டு. மருந்துக் கடைகள் ரசீது தருகின்றனவா என்று வேளாண்மைத் துறை அலுவலர்கள் பார்க்க வேண்டும். மருந்தடிப்பவர்களுக்குப் பாதுகாப்பு உடையும் மருத்துவப் பரிசோதனையும் 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளிலேயே உள்ளன; தோப்பு உரிமையாளர்களுக்கு அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடு வரும் பணியாளர்கள், மருந்தடித்தவர்களிடம் கை நடுக்கம், வாசனை தெரியாமை, எழுத்து சிறுத்தல் பற்றியும் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். பார்க்கின்சன் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்தால், மாதாமாதம் அப்பாவைப் பேருந்தில் ஏற்றி இறக்கும் பாடு எங்களுக்குக் குறையும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: மருத்துவச் சீட்டு நகல், வங்கிப் புத்தக நகல். அப்பாவால் கையெழுத்திட இயலாததால் இடது பெருவிரல் ரேகை வைத்துள்ளார்.