குழியையும் அளந்து பாருங்கள்: கொடைக்கானல் நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள், ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் இந்த ஊரில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். காட்டேஜ், ஹோம்ஸ்டே, தடுப்புச்சுவர், பழைய பங்களாவுக்குக் கூரை மாற்றுவது என்று கிடைக்கிற வேலையைச் செய்து பிழைக்கிறேன். அதனால் ஏரிக்கரைப் பக்கம் இனி ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று எழுத எனக்கு வாய் வராது. என் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். நான் கேட்பது சின்ன விஷயம்தான். ஏரியைப் பார்த்த சரிவில் வருகிற ஒவ்வொரு பிளானிலும் மாடியை அளக்கிறீர்கள், உயரத்தை அளக்கிறீர்கள். கழிவுநீர்க் குழியையும் அளந்து பாருங்கள்.

நம் ஊரின் கட்டடச் சண்டையெல்லாம் உயரத்தைப் பற்றியே நடந்திருக்கிறது. தரைத்தளமும் ஒரு மாடியும் என்று அனுமதி வாங்கிவிட்டு ஏழு தளம் எழுப்பிய ஒரு ஓட்டல் விவகாரம் 1995-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது ஞாபகம் இருக்கும். மலை நகரங்களுக்கான கட்டட விதிகள் 1993-ல் வந்தன. விதியை மீறிய கட்டடங்களுக்கு 2019-ல் நீதிமன்ற உத்தரவின்பேரில் வரிசையாகச் சீல் வைத்தார்கள். இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் மூன்றாவது மாடி பஸ் ஸ்டாண்டிலிருந்தே தெரியும், புகார் கொடுக்க நாலு பேர் இருப்பார்கள். மண்ணுக்கடியில் இருப்பதை மேஸ்திரியும் சித்தாளும் தவிர யாரும் பார்ப்பதில்லை. மண்ணைத் தள்ளி மூடி மேலே ஹைட்ரேஞ்சியா நட்டுவிட்டால் அவர்களும் மறந்துவிடுவார்கள்.

ஏரியின் வடிவத்தை முதலில் யோசித்துப் பாருங்கள். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு உண்டாக்கிய ஏரி இது. ஓடைப் பள்ளங்களில் தண்ணீர் ஏறி நின்றதால்தான் நட்சத்திரம் மாதிரி கைகள் நீண்டன. சுமார் 60 ஏக்கர் தண்ணீர். இதே 60 ஏக்கர் வட்டமான குளமாக இருந்திருந்தால் அதன் கரை ஒன்றே முக்கால் கிலோமீட்டரோடு முடிந்திருக்கும். நம் ஏரியைச் சுற்றுகிற லேக் ரோடு சுமார் 5 கிலோமீட்டர். ஆக, தண்ணீர் அளவுக்குக் கரை ஏறக்குறைய மூன்று மடங்கு. சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அது நல்லது. ஏரிக்கு அது ஆபத்து, ஏனென்றால் கரையில் நடக்கிற ஒவ்வொன்றும் இந்த ஏரியை மூன்று பங்கு பாதிக்கும்.

அதிலும் ஒவ்வொரு கையின் நுனியும் ஒரு ஓடை வந்து சேருகிற வாய். அங்கே தண்ணீர் ஆழம் குறைவு, அசைவும் குறைவு. மேலேயிருந்து வருகிற வண்டல் முதலில் அங்கேதான் படியும், ஆகாயத்தாமரையும் பாசியும் முதலில் அங்கேதான் பிடிக்கும். மனை விற்கிறவர்கள் கேட்கிற விலையோ அந்த நுனிகளில்தான் உச்சம். காற்று மறைவு, ரோட்டுச் சத்தம் கிடையாது, ஜன்னலைத் திறந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர். சென்ட் கணக்கில் விலை பேசும்போது ‘லேக் வியூ’ என்ற ஒரு வார்த்தைக்கே தனி விலை. ஏரி எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கேதான் பணம் வந்து குவிகிறது. உங்கள் மேசைக்கு வருகிற விண்ணப்பங்களைப் பிரித்து வைத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

இனிக் குழிக்கு வருகிறேன். அப்படி ஒரு நுனிக்கு மேலே இருக்கிற மனையில் தடுப்புச்சுவர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். குழி வேலை வேறொருவர் கையில். பிளானில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: இரண்டு அறை செப்டிக் டேங்க், அதற்கப்பால் உறிஞ்சு குழி, அளவெல்லாம் போட்டு. மனையில் நான் பார்த்தது, சரிவில் நாலு சிமென்ட் உறையை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய ஒரு ஒற்றைக் குழி. அடியில் தளம் இல்லை, நேராகப் பாறை. மூன்றாவது உறையில் ஓட்டை போட்டு நாலு அங்குலக் குழாயைச் சொருகி, அதன் வாயைக் கருங்கல் சல்லியால் மூடி, ஏரிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, “மேலேயிருந்து வழிஞ்சா நாத்தம் வரும் சார், கீழே போயிட்டா தெரியாது” என்றார் அங்கிருந்தவர். உண்மைதான், தெரியாது.

செப்டிக் டேங்க் என்பது கெட்டியானதைத் தங்கவைக்கும் தொட்டி, அவ்வளவுதான். அதிலிருந்து வெளியே வருகிற தண்ணீர் சுத்தமான தண்ணீர் கிடையாது. அதைச் சுத்தம் செய்ய வேண்டியது உறிஞ்சு குழியைச் சுற்றியிருக்கும் மண். சமவெளியில் பத்தடி மண் இருக்கும், அந்த வேலை நடக்கும். இங்கே பழனி மலையில் அடியில் இருப்பது சார்னோகைட் என்கிற கெட்டியான பாறை. பல சரிவுகளில் அதன் மேல் மண் நாலைந்து அடிகூடத் தேறாது. கீழே இறங்க முடியாத கழிவுநீர் பாறை மேலேயே பக்கவாட்டில் நகர்ந்து, ரோட்டுக்கு அடியில் கசிந்து, கரையோரம் ஊற்றாக வெளிப்படும். சீசனில் ஆறு அறைக் காட்டேஜில் முப்பது பேர் குளித்துத் துணி துவைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சோப்பிலும் மலத்திலும் சிறுநீரிலும் இருக்கிற பாஸ்பரஸும் நைட்ரஜனும் களைக்கு உரம். நாம் வருஷா வருஷம் மிஷின் இறக்கி, ஆள் இறக்கி அள்ளுகிற களைக்குத் தீனி போடுவது அந்த நாலு உறைக் குழிகள்தான். அள்ளுகிற செலவு வரி கட்டுகிற எல்லோர் தலையிலும் விழுகிறது, வியூவுக்கான வாடகை ஒருத்தர் பைக்குப் போகிறது.

ஏரி நாறினால் எல்லோரும் குதிரைக்காரர்களைத்தான் கைகாட்டுவார்கள். சாணி ரோட்டில் கிடக்கிறது, மழையில் கரைந்து போகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. அதையும் அள்ளத்தான் வேண்டும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏழை பாழையின் குதிரைமேல் பழியைப் போட்டுவிட்டு வேலிக்கு உள்ளே இருப்பதைக் கேட்காமல் விடுவது நியாயமா?

இந்தத் தண்ணீர் ஊருக்குள்ளேயே நின்றுவிடுவதும் இல்லை. ஏரி நிரம்பி மறுகால் போனால் அதுதான் வத்தலக்குண்டு ரோட்டில் 180 அடி உயரத்திலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. வண்டியை நிறுத்தி, முகத்தில் சாரல் அடிக்க, குழந்தையைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுக்கிறவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. தெரிந்த நாம் அந்த இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறோம்.

ஊட்டியைப் பார்த்தும் நாம் படிக்கவில்லை. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823-ல் தொடங்கி உண்டாக்கிய ஏரி அது. இன்று பஸ் ஸ்டாண்ட் இருக்கிற இடமும் குதிரைப் பந்தய மைதானம் இருந்த இடமும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற இடம். மிச்சம் இருக்கிற ஏரிக்குள் கோடப்பமந்து கால்வாய் நகரத்தின் சாக்கடையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தூர்வாரத் தூர்வார நிரம்புகிறது. நம் ஏரி இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

கணக்குப் போடுவதில் ஊர் கொஞ்சம் தேறியிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 மே 7 முதல் மலைக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பு போட்டது. மலையேறுகிற வண்டிக்குக் கணக்கு இருக்கிறது. ஏறி வந்தவர்கள் விட்டுப் போகிற கழிவுநீருக்குக் கணக்கு எங்கே இருக்கிறது?

என் யோசனை இது. ஏரியைப் பார்த்து வடிகிற சரிவுகளில் அனுமதி தருவதற்கு முன்னால், குழி வரப்போகிற அதே இடத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டச் சொல்லுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செப்டிக் டேங்க் விதியிலேயே முறை இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற வைத்து, மறுநாள் மறுபடி நிரப்பி, 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அரை மணிக்கு மேல் ஆனால் அங்கே உறிஞ்சு குழி சரிப்படாது. நம் மலைக்கு இன்னொரு எச்சரிக்கையும் நான் சேர்ப்பேன்: தண்ணீர் மடமடவென்று காணாமல் போனாலும் சந்தோஷப்படாதீர்கள். அது வெட்டிய மண்ணைக் கொட்டி நிரவிய இடமாக இருக்கும், தண்ணீர் வடிகட்டாமலேயே ஓடிவிட்டது என்று அர்த்தம். ஒரு ஓவர்சியர், ஒரு வாளி, ஒரு ஸ்கேல் போதும், பெரிய செலவில்லை. டேங்குக்குத் தளம் போட்டிருக்கிறதா என்பதை மூடுவதற்கு முன்னால் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தடுப்புச்சுவருக்குக் கம்பி கட்டியதைப் பார்க்க வருகிறவர் அப்படியே நாலு எட்டு வைத்தால் இதையும் பார்த்துவிடலாம்.

சோதனையில் தேறாத மனைக்காரர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். அவரிடமும் பணம் வாங்கித்தான் மனையை விற்றிருக்கிறார்கள், அவரைத் தெருவில் விட முடியாது. ஏரியின் ஒரு கைக்கு மேலே இருக்கிற பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, ரோட்டுக்கு மேல்பக்கமாக ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் போட்டுக்கொள்ள நகராட்சி இடம் கொடுக்கட்டும், பராமரிப்புக் கட்டணத்தை வசூலித்துக்கொள்ளட்டும். சேருகிறவர்களுக்குச் சொத்து வரியில் ஏதாவது தள்ளுபடி கொடுங்கள். ‘லேக் வியூ’ என்று போர்டு வைத்து வாடகை வாங்குகிறவருக்கு இது தாங்க முடியாத செலவில்லை. அவர் விற்கிற சரக்கே ஏரிதான், அது பச்சையாகிப் போனால் முதல் நஷ்டம் அவருக்கு. ஏற்கெனவே இருக்கிற குழிகளைப் பொறுத்தவரை யார் எப்போது செப்டிக் டேங்க் வண்டி கூப்பிட்டார்கள் என்று ஒரு பதிவேடு போதும். பல வருஷமாக வண்டியே கூப்பிடாத டேங்க் நிறையாமல் இருக்கிறது என்றால் அது எங்கே வடிகிறது என்று போய்ப் பார்க்கலாம்.

கரையை அழகுபடுத்துகிற வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலி, நடைபாதை, விளக்கு, தண்ணீர் ஓரம் வரைக்கும் கல் பதிப்பது. ரோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்னப் பட்டையில் கோரையும் பெரணியும் நாட்டுப் புல்லும் நின்றால், மேலேயிருந்து வருகிற வண்டலில் ஒரு பங்கை அதுவே பிடித்து வைக்கும். தவளைக்கும் நீர்க்கோழிக்கும் அதுதான் வீடு. ஜனவரியில் உறைபனி வெள்ளையாகப் படிகிறதைப் பார்க்க விடிகாலை ஆறு மணிக்கு ஆட்கள் வந்து நிற்பதும் அந்தப் புல்லைப் பார்க்கத்தான், டைல்ஸைப் பார்க்க இல்லை. கல் பதிக்கிற வேலை எனக்கே கிடைக்கக்கூடியதுதான், இருந்தும் சொல்கிறேன்: பார்வைக்கு இரண்டு மூன்று இடத்தில் மேடை போடுங்கள், மீதியைத் தொடாதீர்கள். பங்களாக்களின் புல்வெளிக்குப் போடுகிற உரமும் இதே ஏரிக்குத்தான் வருகிறது என்பதால், கரையை ஒட்டிய தோட்டங்களில் உரம் போடாத ஒரு பட்டையைக் கட்டாயமாக்குங்கள்.

இதைப் படிக்கிற சுற்றுச்சூழல் நண்பர்கள் சிலர் காட்டுக்குள் இருக்கிற பேரிஜம் ஏரியைக் காட்டுவார்கள். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் போக முடியாது, கரையில் காட்டேஜ் கிடையாது, அந்தத் தண்ணீரைப் பெரியகுளம் குடிக்கிறது. அருமை. அதை அப்படியே வைத்திருங்கள் என்று நானும் சொல்வேன். ஆனால் நம் ஏரி ஊர் நடுவில் இருக்கிறது. போட் ஓட்டுகிறவர், சோளம் சுடுகிற அக்கா, ரூம் போட்டுத் தருகிற தம்பி, சுவர் கட்டுகிற நான் என்று பாதி ஊர் அதை நம்பித்தான் சோறு சாப்பிடுகிறது. இதைப் பேரிஜம் ஆக்க முடியாது. ஊட்டி ஆக்காமல் இருக்க முடியும்.

அடுத்த நகர்மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இரண்டு தீர்மானங்களைச் சேருங்கள். ஒன்று, ஏரி வடிகால் சரிவுகளில் சோதனைக் குழி இல்லாமல் கட்டட அனுமதி கிடையாது என்பது. மற்றது, போட் கிளப் பக்கத்தில் ஒரு போர்டு வைத்து, ஒவ்வொரு கையின் நுனியிலும் எடுத்த தண்ணீர்ப் பரிசோதனை முடிவை மாதாமாதம் எழுதுவது. குளிக்கத் தகுந்த தண்ணீர் என்றால் 100 மில்லிக்கு மலக்கிருமி 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறை வைத்திருக்கிறது. அந்த வரையறையையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எந்தக் கையில் எண் ஏறுகிறதோ அதற்கு மேலே இருக்கிற குழிகளை முதலில் திறந்து பார்க்கலாம். திறக்கும்போது கூப்பிட்டால் கடப்பாறையோடு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒருவன்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.