தமிழில் காப்புரிமை கேட்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், டவுன் பஸ்ஸின் உயரமான முதல் படியில் ஏறத் தடுமாறும் முதியவர்களுக்காக, கதவு திறக்கும்போது கீழே இறங்கி, மூடும்போது மடிந்துகொள்ளும் இரும்புப் படி ஒன்றைச் செய்திருக்கிறார்; கிரைண்டர் குழவியை முதுகு பிடிக்காமல் தூக்கி வைக்க உதவும் கைப்பிடியும் அவர் கைவேலைதான். ஜி.டி. நாயுடு வாழ்ந்த, வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய கோவையில் இதில் வியப்பொன்றுமில்லை.

இவற்றுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) பெறுவதில்தான் சிக்கல். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய், விண்ணப்பத்தைப் பரிசோதிக்கக் கோர 4,000 ரூபாய். இதை எப்படியும் புரட்டிவிடலாம். ஆனால் கண்டுபிடிப்பு எப்படி இயங்குகிறது என்று விளக்கும் விவரக்குறிப்பை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தர வேண்டும் என்பது விதி. படி எந்தக் கீலில் மடிகிறது, ஸ்பிரிங் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தமிழில் பிசகில்லாமல் சொல்லத் தெரிந்தவர், அதையே சட்ட நடையில் எழுதி வாங்கக் காப்புரிமை முகவருக்கு இக்கட்டணத்தைப் போல் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் பஸ் பாடி கட்டுவோர் நாலு பேரிடம் காட்டிவிட்டால், ஏற்கெனவே வெளியானது என்று விண்ணப்பமே தள்ளுபடியாகலாம்.

முதலில் தரும் தற்காலிக விவரக்குறிப்பைத் தமிழில் ஏற்று, முழு விவரக்குறிப்புக்குச் சட்டம் தரும் 12 மாத அவகாசத்துக்குள் மொழிபெயர்ப்பைப் பெற்றுக்கொள்ளும்படி மத்திய அரசு விதியைத் திருத்த வேண்டும். அதுவரை கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டத் தொழில் மையங்களில் வாரம் ஒரு நாளாவது எழுதித் தர ஆள் அமர்த்துமாறு மாநில அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோவை