வாங்காத கடனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருவருடைய பான் எண்ணையும் ஆதார் நகலையும் வைத்துக்கொண்டு வேறொருவர் கைப்பேசிச் செயலி வழியாகக் கடன் வாங்கிவிட்டால், அங்கே ஏமாந்தது ஆளைச் சரிபார்க்காமல் பணம் கொடுத்த நிதி நிறுவனம்தான். ஆனால் தவணை தவறியவர் என்று சிபில் அறிக்கையில் (ஒருவர் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் அறிக்கை) ஏறுவது அந்தப் பெயருக்கு உரியவர். வசூல் முகவரின் வசவைக் கேட்பதும் அவரே. ‘இது என் கடன் இல்லை’ என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்தான் விழுகிறது. வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு இந்த நியாயம் பொறுக்கவில்லை.

என் அக்கா மகள் வீட்டிலேயே தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்குகிறவள். மகனுக்குக் கல்விக்கடன் கேட்டு விண்ணப்பித்தபோதுதான், தன் பெயரில் மூன்று கடன்கள் கட்டப்படாமல் கிடப்பது அவளுக்குத் தெரிந்தது. அறிக்கையில் அவளுடையதல்லாத தொலைபேசி எண் ஒன்றும், அவள் போயே இராத ஊரின் முகவரி ஒன்றும் இருந்தன. கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்தைக் கேட்டால், “ஒரு தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். காவல் நிலையத்திலோ, “உங்கள் பணம் எதுவும் போகவில்லையே, எதற்குப் புகார்?” என்று கேட்டார்கள். போனது அவளுடைய நற்பெயர் அல்லவா! அடையாளத் திருட்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் புகாரைப் பெற்றுக்கொண்டு, அதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

இதே நிலையில் இருக்கும் வாசகர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தொல்லை தாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அறிக்கையிலும் ‘செட்டில்டு’, அதாவது முழுதாகக் கட்டாமல் பேசி முடித்த கடன், என்ற குறிப்பு ஏறும். அடுத்து கடன் கேட்கும் இடத்தில் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

பணம் கட்டுவதற்குப் பதிலாக, அந்த நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேள்வி கேளுங்கள். கடன் விண்ணப்பத்தையும், இணைத்த ஆவணங்களின் நகலையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன் தொகை எந்த வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற விவரத்தையும் கேளுங்கள். டிஜிட்டல் கடன்களுக்காக ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் முதலில் கொண்டுவந்த விதியின்படி, ஒருசில விலக்குகள் தவிர, கடன் தொகை கடன் பெறுபவரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் சேர வேண்டும். அந்தக் கணக்கு உங்களுடையது இல்லை என்றால் மீதிக் கதையை அவர்கள்தான் சொல்ல வேண்டும். என் அக்கா மகள் விஷயத்தில் இந்த ஒரு கேள்விக்குப் பிறகு இரண்டு கடன்கள் அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டன. மூன்றாவதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சிபில் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், இப்படிப்பட்ட அறிக்கைகளைத் தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒன்றில் தவறு திருத்தப்பட்டதே என்று இருந்துவிடாமல் நான்கையும் வாங்கிப் பார்க்க வேண்டும். அறிக்கையில் உள்ள கடன் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைப்பவர்களே அதிகம். யார் யார் உங்கள் அறிக்கையைக் கேட்டார்கள் என்ற விசாரணைப் பகுதியைப் படியுங்கள். நீங்கள் போகாத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், யாரோ உங்கள் பெயரில் கடனுக்கு முயன்றிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

தவறு கண்டு முறையிட்டால் 30 நாளில் தீர்க்க வேண்டும். கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்குத் திருத்த விவரத்தைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்ப அதில் 21 நாள். கெடு தாண்டினால், தாமதத்துக்குக் காரணமானவர் முறையிட்டவருக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையாதவர்கள்மீது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

இத்தனை இருந்தும் அடிப்படைக் கோளாறு தீரவில்லை. கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் நீக்காது. அதாவது, யார்மீது புகாரோ அவரே தீர்ப்பும் எழுதுகிறார். புகார் வந்த நாளிலிருந்து, ஆவணங்களைக் காட்டித் தன் கடன் சரியானதே என்று நிறுவும் பொறுப்பு கடன் கொடுத்தவருக்கு இருக்க வேண்டும். அதுவரை அந்தக் கடனைக் காரணம் காட்டி வேறு எந்த வங்கியும் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது. கல்லூரிக் கட்டணத்துக்கான கடைசித் தேதி யாருடைய விசாரணைக்காகவும் காத்திருப்பதில்லை.

இரண்டாவது கோரிக்கை, கடன் அறிக்கையை முடக்கிவைக்கும் உரிமை. அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோயின. அடுத்த ஆண்டே சட்டம் இயற்றி, 2018 செப்டம்பர் முதல் யாரும் தம் அறிக்கையைக் கட்டணமின்றி முடக்கிவைக்கலாம் என்று ஆக்கினார்கள். முடக்கிவிட்டால் புதிதாகக் கடன் கொடுக்க வருபவர் அறிக்கையைப் பார்க்க முடியாது; திருடன் கேட்டாலும் கடன் எளிதில் கிடைக்காது. தேவைப்படும்போது நாமே திறந்துகொள்ளலாம். அங்கே இந்த வசதியைத் தரும் மூன்று பெரிய நிறுவனங்களும் இங்குள்ள நான்கில் இடம்பெற்றவைதாம். நம் 2005ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் திருத்தம் கேட்கும் உரிமையைத் தருகிறதே தவிர, இப்படிப் பூட்டிவைக்கும் உரிமையைத் தரவில்லை. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் கேட்க வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பற்றித்தான். குழுக்கடன் என்றதும் ஆதார், பான் நகல்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து யாரோ ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவை எத்தனை கைக்குப் போகின்றன என்று கேட்பாரில்லை. கொடுக்கும் நகலின் குறுக்கே தேதியையும் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முழு எண் தேவைப்படாத இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுத்தால் போதும். தம் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் குறைதீர்ப்பாளருக்கும் அனுப்ப வேண்டிய புகாரின் மாதிரியை, வெட்டியெடுத்து நிரப்பும் வகையில், எளிய தமிழில் ஒரு பக்கமாக வெளியிடுங்கள். வரைவை எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர்,
விருத்தாசலம்.