சித்தப்பா, தப்பு உங்கள் விரலில் இல்லை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நேற்று இரவு போனில் "வயசாயிடுச்சுப்பா, இதெல்லாம் இனி எனக்கு ஒத்துவராது" என்றீர்கள். முப்பது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர், நம் தெருவில் பாதிப் பேரை லோயரும் ஹையரும் பாஸ் பண்ண வைத்தவர், அவருக்கு ஒரு பாஸ்வேர்டு அடிக்கத் தெரியவில்லையாம். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். வலைப்பூவிலும் போடுகிறேன். உங்களைப் போலத் தன்னையே திட்டிக்கொள்கிற இன்னும் நாலு பேர் படிக்கட்டும்.

நடந்தது என்ன? சங்கத்தின் ஆண்டறிக்கையைத் தமிழில் அடித்து முடித்தீர்கள். அதே சூட்டோடு அந்த இணையதளத்தைத் திறந்தீர்கள் (பெயர் வேண்டாம், விடுங்கள்). பயனர் பெயரை பிரௌசரே நிரப்பிவிட்டது. பாஸ்வேர்டை உங்கள் விரல்கள் சரியாகத்தான் அடித்தன. ஆனால் விசைப்பலகை இன்னும் தமிழிலேயே இருந்தது. பெட்டிக்குள் விழுந்ததெல்லாம் கறுப்புப் புள்ளிகள். புள்ளியைப் பார்த்து அது தமிழா ஆங்கிலமா என்று யாரால் சொல்ல முடியும்? மூன்று முறை தவறு. கணக்கு 24 மணி நேரத்துக்குப் பூட்டு.

இதற்குப் பெயர் மோடு பிழை. அழுத்துவது அதே விசைதான்; ஆனால் கணினி அப்போது எந்த நிலையில், அதாவது எந்த மோடில் இருக்கிறதோ, அதற்கேற்ப விளைவு மாறிவிடும். டொனால்ட் நார்மன் என்ற உளவியல் அறிஞர் மனிதர்களின் கைத்தவறுகளை 1981இல் வகை பிரித்தபோது இதையும் அதில் சேர்த்திருக்கிறார். இப்படிப்பட்ட கைத்தவறுகள் கற்றுக்குட்டியைவிடக் கைதேர்ந்தவருக்கே அதிகம் வரும் என்பதும் அவர் சொன்னதுதான். யோசித்துப் பாருங்கள். ஒற்றை விரலால் தேடித்தேடி அடிக்கிற நான் ஒவ்வொரு எழுத்துக்கும் திரையைப் பார்க்கிறேன், இரண்டாவது எழுத்திலேயே பிடித்துவிடுவேன். நீங்கள் பார்ப்பது பக்கத்தில் வைத்த காகிதத்தை. விசையைப் பார்த்து அடித்தால் ஸ்கேலால் முட்டியில் தட்டியவர் ஆயிற்றே! ஒரு பத்தி முழுக்கப் போன பிறகுதான் நிமிர்வீர்கள்.

இதே தொல்லையால் அரை நூற்றாண்டுக்கு முன்னால் ஒருவர் எரிச்சலாகியிருக்கிறார். லாரி டெஸ்லர் என்று பெயர். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு 1973இல் வேலைக்கு வந்தவர். அங்கே பிராவோ என்றொரு எழுதும் மென்பொருள் இருந்தது. அதில் எழுத்துகள் சில சமயம் எழுத்துகள், சில சமயம் கட்டளைகள். எழுதும் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு 'எடிட்' (edit) என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டால் கதை முடிந்தது. முதல் எழுத்து இ: எல்லாவற்றையும் தேர்ந்தெடு. அடுத்தது டி: அழி. அப்புறம் ஐ: எழுதத் தொடங்கு. மிஞ்சியது டீ (t). ஆவணம் மொத்தமும் போய், திரையில் ஒற்றை 'டீ' மட்டும் நிற்கும்.

டெஸ்லர் என்ன செய்தார் தெரியுமா? ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு செயலரை வெற்றுத் திரைக்கு முன் உட்கார வைத்து, இதில் ஒரு பக்கம் இருப்பதாக நினைத்துக்கொள், எப்படித் திருத்துவாய் என்று கேட்டார். அவர் திருத்த வேண்டிய இடத்தை முதலில் சுட்டினார், பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். கட்டளை முதலில் வரவில்லை, இடம்தான் முதலில் வந்தது. இதை வைத்து டிம் மாட் என்பவரோடு சேர்ந்து 1975 வாக்கில் ஜிப்ஸி என்ற மென்பொருளை எழுதினார், ஒரு பாடநூல் பதிப்பகத்தின் ஆசிரியர்களுக்காக. நாம் தினமும் செய்கிற கட், காப்பி, பேஸ்ட் அங்கேதான் உருப்பெற்றது. கத்தரியும் பசையும் வைத்துப் பக்கம் கட்டியவர்களின் வேலையிலிருந்து எடுத்த பெயர்கள். உங்கள் சங்க மலருக்கு புரோமைடை (எழுத்துகள் பதிந்த படத்தாளை) வெட்டி ஒட்டிய ராத்திரிகள் ஞாபகம் வருகிறதா? அதேதான்.

மோடே கூடாது என்பதில் அந்த மனிதர் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். கார் நம்பர் பிளேட்டில்கூட 'நோ மோட்ஸ்' என்றுதான் போட்டிருந்தார். 2020இல் காலமானார்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு மோடு வேண்டாம் என்று சொல்வது சுலபம். நமக்கு ஒரே பலகையில் இரண்டு மொழி. மோடு இல்லாமல் முடியாது. சரி, இருக்கட்டும், ஆனால் அது எந்த மோடு என்பது கைக்கோ கண்ணுக்கோ தெரிய வேண்டாமா? உங்கள் பழைய ரெமிங்டன் டைப்ரைட்டரில் ஷிஃப்ட் லாக் போட்டால் உள்ளே கனமாக ஏதோ ஏறி உட்காருவது விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். 1992இல் பில் பக்ஸ்டன் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு விசையைத் தட்டி மோடு மாற்றுவதைவிட, காலால் ஒரு மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் இந்தப் பிழை குறைந்தது. உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்கிறது. (தையல் மிஷின் மிதிக்கிற சித்தியிடம் கேட்டிருந்தால் சோதனையே தேவைப்பட்டிருக்காது.)

உங்கள் கணினியில் இருப்பதோ, திரையின் கீழ் மூலையில் நகத்தளவு ஓர் எழுத்து. பார்வை நடுவில் இருக்கும்போது மூலையில் என்ன மாறினால் என்ன? கேப்ஸ் லாக் போட்டிருந்தால் விண்டோஸ் உள்நுழையும் திரை எச்சரிக்கிறது. அதே மரியாதையை, தமிழில் இருக்கிறது பலகை என்று சொல்வதற்கும் இந்த இணையதளக்காரர்கள் காட்டியிருக்கலாம். போனில் உங்களுக்கு இந்தப் பிழை வருவதே இல்லை, கவனித்தீர்களா? அங்கே மொழி மாறினால் விசைகளின் முகமே மாறிவிடுகிறது. விரல் போகிற இடத்திலேயே விஷயம் இருக்கிறது.

கணக்கு இன்று இரவு 9.40க்குத் திறக்கும். அதற்கு முன்னால் தொடவேண்டாம், மறுபடி பூட்டிவிடப் போகிறது. திறந்ததும் பயனர் பெயர்ப் பெட்டியில் ஏதாவது ஓர் எழுத்தைத் தட்டிப் பாருங்கள். 'அ'வோ 'க'வோ விழுந்தால் மொழியை மாற்றிவிட்டு, அந்த எழுத்தையும் அழித்துவிட்டு, பிறகு பாஸ்வேர்டுக்குப் போங்கள். பெட்டியின் ஓரத்தில் கண் படம் இருந்தால் அதை அழுத்துங்கள், புள்ளிகள் எழுத்தாகிவிடும்.

பத்து மணிக்கு மேல் கூப்பிடுகிறேன். ஆண்டறிக்கையையும் அனுப்பி வையுங்கள், சந்திப்பிழை மட்டும் பார்த்துத் தருகிறேன். தட்டச்சுப் பிழை இருக்காது, தெரியும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்