எப்போது பலகை, எப்போது திரை: வகுப்பில் நிற்பவர் முடிவெடுக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்பறைக்குத் திரை வேண்டுமா, கரும்பலகையே போதுமா என்று உங்கள் நாளிதழில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நான் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவள். இரண்டையும் அன்றாடம் பயன்படுத்துகிறேன். எழுதியவர்களில் பலர் ஏதாவது ஒரு பக்கம் நின்று பேசுகிறார்கள். எனக்கோ ஒரே பாடவேளைக்குள் பத்து நிமிடத்தில் விடை மாறிவிடுகிறது. அதை ஒரு பாடத்தை வைத்தே சொல்கிறேன்.

அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பலகையில் வட்டம் போட்டு, விட்டம் வரைந்து, வட்டத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, அதை விட்டத்தின் இரு முனைகளோடும் இணைத்து முக்கோணமாக்கினால் பிள்ளைகள் பார்ப்பது ஒரே ஒரு படம். அந்தப் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஜியோஜீப்ரா என்ற மென்பொருளில் அதே புள்ளியை விரலால் இழுத்து நகர்த்தலாம். முக்கோணம் நீள்கிறது, ஒடுங்குகிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறது. கோணத்தின் அருகே தெரியும் எண் மட்டும் 90-ஐ விட்டு அசைவதே இல்லை. அப்போது வகுப்பில் எழும் சலசலப்பைச் சாக்பீஸால் நான் ஒருபோதும் வரவழைத்ததில்லை. கடைசி வரிசையிலிருந்து யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ஏன் மிஸ் மாறவே மாட்டேங்குது?"

அந்தக் கேள்வி வந்ததும் திரையை அணைத்துவிடுவேன். கோணம் மாறவில்லை என்று திரை காட்டிவிட்டது. ஏன் மாறவில்லை என்பதை இனி நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பலகையில் வட்டத்தைப் போட்டு, மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு இழுக்கிறேன். பெரிய முக்கோணம் இரண்டாகப் பிரிகிறது. பிறகு எதுவும் பேசாமல் நிற்பேன். இந்த மௌனம் மிக முக்கியம்; சில நாள் சங்கடப்படும் அளவுக்கு நீளும். "மையத்துல இருந்து போற மூணுமே ஆரம்தானே மிஸ், அப்போ ரெண்டும் இருசமபக்க முக்கோணம்" என்று ஒரு குரல் வரும். அதற்குப் பிறகு அவர்களே இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு பக்கம் இரண்டு சம கோணங்கள், மறுபக்கம் இரண்டு சம கோணங்கள், நான்கும் சேர்ந்து 180 பாகை. வட்டத்தின் மேல் இருக்கும் கோணத்தில் ஒவ்வொரு இணையிலிருந்தும் ஒன்று சேர்கிறது. ஆகவே சரியாகப் பாதி.

சில வரிகளே கொண்ட நிரூபணம்தான். ஆனால் நான் எழுதும் வேகத்திலேயே அவர்கள் கையும் நோட்டில் நகர்கிறது. நான்காவது வரியில் திகைத்து நிற்கும் பிள்ளை முதல் வரியைத் திரும்பிப் பார்க்கலாம். அது பலகையின் இடது மூலையில் அப்படியே இருக்கும். இதையே ஒவ்வொன்றாக மறையும் ஸ்லைடுகளாகப் போட்டால், விட்டதைப் பிடிக்க அந்தப் பிள்ளைக்கு வழியில்லை.

காம்பஸ் விஷயத்தில் நான் இன்னும் பிடிவாதக்காரி. ஒரு கோட்டுத்துண்டுக்கு மையக்குத்துக்கோடு, அதாவது அதை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு, வரையும்போது இரு முனைகளிலிருந்தும் வில் போட, காம்பஸை அதன் நீளத்தில் பாதிக்கு மேல் விரிக்க வேண்டும். விரிக்காவிட்டால் இரண்டு விற்களும் சந்திக்காது. தாளின் நடுவில் ஒன்றையொன்று தொடாத இரண்டு விற்களைப் பார்த்து முழிக்கும் பிள்ளைக்கு, அந்தப் 'பாதிக்கு மேல்' என்பதை நான் விளக்கவே வேண்டியதில்லை. மென்பொருளிலோ ஒரு பொத்தானைத் தொட்டால் கோடு வந்துவிடுகிறது. அழகான, துல்லியமான கோடு. விற்கள் சந்திக்காமல் போகும் வாய்ப்பே அங்கே இல்லை. அதனால் அவை ஏன் சந்திக்க வேண்டும் என்ற யோசனையும் இல்லை. மென்பொருளிலேயே இதைப் படிப்படியாக வரையலாம் என்பது தெரியும். பொத்தான் கண்முன் இருக்கும்போது பதின்மூன்று வயதில் யார் அப்படி வரைவார்கள்?

இப்போது எல்லோரும் கேட்பது செயற்கை நுண்ணறிவைப் பற்றி. வீட்டுப்பாட நோட்டுகள் முன்பைவிடப் பளிச்சென்று இருக்கின்றன, படிகள் பிசகாமல் வருகின்றன. "இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் சில முகங்கள் தரையைப் பார்க்கின்றன. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய கணித ஆய்வை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கேட்டதும் விடை தரும் அரட்டைக் கருவியோடு பயிற்சி செய்தவர்கள், அது இல்லாதவர்களைவிடப் பயிற்சியில் 48 சதவீதம் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். மூன்றாவதாக ஒரு குழுவுக்கு, விடை சொல்லாமல் ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும் கருவி தரப்பட்டது. அவர்களிடம் இந்தச் சரிவு பெரும்பாலும் காணப்படவில்லை.

எனக்கு இதில் பயமும் நம்பிக்கையும் சேர்ந்தே கிடைக்கின்றன. தடை போடச் சொல்ல மாட்டேன். புதுக் கணக்கை முதலில் வகுப்பிலேயே, நோட்டில், தப்போ சரியோ தானே போட்டுப் பார்க்க வேண்டும். சரிபார்க்க மட்டும் பிறகு கருவியிடம் போகலாம் என்று என் வகுப்பில் வைத்திருக்கிறேன். கிழித்து எறியாமல் அடித்துத் திருத்திய பக்கங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தப் பிள்ளை எங்கே தடுமாறியது என்பது அவற்றில்தான் தெரிகிறது.

பழைய முறையே போதும் என்று எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். முன்வரிசையில் உட்கார்ந்தாலும் பலகை எழுத்து அவளுக்குத் தெரியாது. கைக்கணினியில் எழுத்தைப் பெரிதாக்கித்தான் எங்களோடு சேர்ந்து அவள் நிரூபணம் எழுதுகிறாள். அவளிடமிருந்து அதை வாங்கி வைத்துவிட்டு மரபைப் பற்றிப் பேச நமக்கு உரிமை கிடையாது.

கருவியை வாங்கிக் கொடுத்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நம்புபவர்களும் பெரு நாட்டைப் பார்க்கலாம். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் அங்கே கிராமப்புறப் பள்ளிகளுக்குக் கணினிகளை அள்ளிக் கொடுத்தார்கள். 2012இல் வெளியான மதிப்பீட்டில், கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ தேர்ச்சி கூடியதற்கான சான்று கிடைக்கவில்லை. அந்தக் கணினியை எந்தப் பாடத்தில், எந்தப் படியில் எடுப்பது என்பது வகுப்பில் நிற்பவருக்கு அல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

இங்கேதான் என் மனக்குறை. பல இடங்களில் ஸ்மார்ட் போர்டு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்குக் கேட்கிறார்கள். கணக்குக்காகவே திரை எரிந்துகொண்டிருக்க, ஆசிரியர் பக்கத்தில் நின்று பாடம் நடத்துகிறார். பயிற்சி என்ற பெயரில் கிடைப்பதும் பொத்தான்களை அறிமுகப்படுத்தும் வகுப்புதான். வடிவியலில் இதை எங்கே காட்டலாம், எங்கே அணைக்க வேண்டும் என்று சக கணித ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேச ஒரு மதிய நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் அது ஆயிரம் மடங்கு பயன்படும்.

பள்ளிகளை மேற்பார்வையிடும் அதிகாரிகள் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்பதால் அவர்களிடமே கேட்கிறேன். திரை ஓடிய நேரத்தைக் கேட்பதை நிறுத்துங்கள். அடுத்த முறை வரும்போது பின் பெஞ்சில் உட்காருங்கள். போன வாரம் நடத்திய தேற்றத்தை ஏதாவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, புத்தகமும் திரையும் இல்லாமல், பலகையில் எழுதி விளக்கச் சொல்லுங்கள். நாங்கள் எதை எங்கே பயன்படுத்தினோம் என்று அதற்குப் பிறகு கேளுங்கள், விவரமாகச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை