ஒரு கையால் திறக்கிற பையாக வாங்கு

செங்கோட்டை

அன்பு மகள் சுதாவுக்கு,

அப்பா எழுதுவது. பிள்ளைகள் இரண்டோடும் இங்கே வந்து குற்றாலம், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பாலருவி, தென்மலை, கொல்லம் என்று சுற்ற எந்தப் பை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று பைகளின் படத்தையும் பார்த்தேன். என் தையல் கடையில் மிஷின் சத்தத்துக்கு நடுவே போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது. அதனால் எழுதிவிடுகிறேன்.

அந்தத் தோள்பை வேண்டாம். பதினாறு பாக்கெட் என்று போட்டிருக்கிறான். எந்தப் பாக்கெட்டில் பால்புட்டி என்று நீ துழாவி முடிப்பதற்குள் சின்னவன் ஊரைக் கூட்டிவிடுவான். ஒற்றை வார் வேறு. பிள்ளையைத் தூக்கக் குனிந்தால் பை முன்னால் சரிந்து அவன் முகத்தில்தான் இடிக்கும். மலையேறுகிறவர்களுக்கான 40 லிட்டர் பையும் வேண்டாம். இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும். அதைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் திரும்பினால் பக்கத்தில் நிற்கிறவருக்கு இடி.

மூன்றாவது, பார்க்கப் பள்ளிக்கூடப் பை மாதிரி இருக்கிறதே, அந்த 22 லிட்டர், அதுதான் சரி. கணக்குப் பார். தண்ணீர் ஒன்றரை லிட்டர், அதுவே ஒன்றரைக் கிலோ. இட்லிப் பொட்டலமும் பழமும் ஒரு கிலோ. மாற்றுத்துணி, துண்டு, டயப்பர், மருந்து எல்லாம் சேர்ந்து இன்னொரு ஒன்றரை. வெறும்பை 700 கிராமுக்கு மிஞ்சாமல் இருந்தால் மொத்தம் ஐந்து கிலோவுக்குள் அடங்கும். அதற்கு மேல் போனால் சாயங்காலம் மாப்பிள்ளை பையையும் சுமந்து தூங்குகிற பிள்ளையையும் சுமக்க முடியாது.

ஆனால் வாங்குமுன் கடையில் ஒரு சோதனை செய். இடது கையில் சின்னவனை வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் ஜிப்பைத் திற, மூடு. வளைவில் ரன்னர் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையால் துணியைப் பிடித்தால்தான் நகரும் என்றால் அந்தப் பையை வைத்துவிட்டு வா. ரயிலில் தென்மலைப் பக்கத்துப் பதிமூன்று கண் பாலம் வரும்போது மூத்தவள் ஜன்னலுக்கு ஓடுவாள், சின்னவன் தண்ணீர் கேட்பான். உனக்கு மிச்சம் இருப்பது ஒரு கைதான்.

ஜிப் பற்றி எல்லாரும் நினைப்பது தப்பு. பெரும்பாலும் பல் கெடுவதில்லை, ரன்னர்தான் வாயைப் பிளந்துகொள்கிறது. பையைத் திணித்து நிரப்பி, பிதுங்கும் ஜிப்பை இழுத்து இழுத்து மூடுவதால் வருகிற வினை. பின்னால் பல் சேராமல் திறந்துகொண்டே போனால் ரன்னரின் இரண்டு பின்பக்க ஓரங்களையும் குறடால் லேசாக அழுத்து. ஓங்கி அழுத்தினால் உடைந்துவிடும். கொல்லம் கடற்கரைக்குப் போய்வந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிட்டு, மெழுகுவர்த்தியை ஜிப்மேல் ஒருமுறை தேய்த்துவிடு. எண்ணெய் போடாதே, அழுக்கு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து பையை உள்பக்கம் புரட்டிப் பார். துணி ஓரங்கள் நூல் பிரிந்து தெரியக் கூடாது, நாடா வைத்து மூடித் தைத்திருக்க வேண்டும். தோள்வார் மேலே சேருகிற இடத்தில் ஒற்றைத் தையல் ஓடியிருந்தால் ஆறு மாதம் தாங்காது. சதுரமாகக் கட்டம் போட்டு நடுவே குறுக்காகப் பெருக்கல் குறி மாதிரி தைத்திருக்க வேண்டும். வாரின் அகலம் நான்கு விரலுக்குக் குறையாமல் பார். மார்பில் இரண்டு வாரையும் சேர்க்கும் பக்கிள் இருந்தால் குனியும்போது பை தோளை விட்டு நழுவாது. உள்லைனிங் சாம்பலோ மஞ்சளோ இருக்கட்டும். கறுப்பு லைனிங்குக்குள் கறுப்பு மருந்து மூடி விழுந்தால் டார்ச் அடித்துத்தான் தேட வேண்டும்.

‘வாட்டர் புரூஃப்’ என்று எழுதியிருப்பதை நம்பாதே. துணியில் தண்ணீர் இறங்காது, தையல் ஓட்டையிலும் ஜிப்பிலும் இறங்கும். நம் ஊர்ச் சாரல் கொட்டித் தீர்க்கிற மழை இல்லை. மணிக்கணக்காகப் பூவாய்த் தூவி உள்ளே போய்விடும். அதனால் மழை உறை ஒன்று சேர்த்து வாங்கு. துணியின் உள்பூச்சையும் விரலால் தடவிப் பார். பிசுபிசுப்பாகவோ செதில் உதிர்ந்தோ இருந்தால் அது கிடந்து போன பழைய சரக்கு. ஈரக் காற்றில் அந்தப் பூச்சு கெட்டுப்போகும், சென்னையில் சொல்லவே வேண்டாம். பீரோவுக்குள் மடித்துத் திணிக்காமல் ஆணியில் மாட்டிவை.

அருவிக்கு டர்க்கி டவல் கொண்டுவராதே, நனைந்தால் கல். ஈரிழைத் துண்டு இரண்டு போதும், பிழிந்தால் சீக்கிரம் காயும். நனைந்த துணிக்கென்று தனியாக நீர் கசியாத சின்னப் பை ஒன்று உள்ளே இருக்கட்டும். இரண்டு பிள்ளைகளின் மாற்றுத்துணியையும் வெவ்வேறு நிறச் சுருக்குப்பையில் போடு. நீ சொல்லாமலே மாப்பிள்ளை சரியானதை எடுப்பார்.

டயப்பர் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று, மேற்கொண்டு இரண்டு. காலை எட்டுக்குக் கிளம்பி ஆறுக்குத் திரும்பினால் ஆறு எடுத்துக்கொள். கழற்றியதைக் காட்டில் போடாமல் பேப்பரில் சுருட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதற்கும் இடம் விடு. வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பொடியை 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டாக வாங்கு. ஒரு லிட்டர் பாக்கெட்டைச் சின்னப் பாட்டிலில் கொட்டிக் கலக்கினால் உப்பு மிஞ்சிப்போகும், பிள்ளைக்கு ஆகாது. காய்ச்சல் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் மருந்து என்றும் உண்டு, 250 என்றும் உண்டு. சொட்டு மருந்து அதைவிடச் செறிவு. டாக்டர் எழுதித் தந்த அதே பாட்டிலை, அதன் அளவு மூடியோடு எடுத்துவை. இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கொண்டுவா. தேங்காய்ச் சட்னி மத்தியானத்துக்குள் ஊசிப்போகும்.

குற்றாலத்திலும் பாலருவியிலும் குரங்குக்குப் பாலித்தீன் சலசலப்புக் கேட்டால் போதும். பிஸ்கட்டைப் பக்கவாட்டு வலைப் பாக்கெட்டில் வைக்காதே, அது தண்ணீர்ப் பாட்டிலுக்கு மட்டும். ஆரியங்காவிலிருந்து பாலருவிக்கு உள்ளே வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். காரில் விட்டுவிட்டு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று எதையும் விடாதே. தென்மலைப் பக்கம் மழைக்கு அட்டைப்பூச்சி காலில் ஏறும், உப்பை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொள். மலை வளைவில் மூத்தவளுக்குக் குமட்டும். வாந்திக்கான கவரும் ஈரத்துணியும் முன்பாக்கெட்டில், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும்.

அவளும் தனக்கொரு பை கேட்பாள். வாங்கிக்கொடு, ஆனால் ஒரு பொம்மையும் கைக்குட்டையும் கொள்கிற அளவில். பள்ளிப் பைக்கு 2020-இல் மத்திய அரசு சொன்ன வரம்பே பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். அவள் 15 கிலோ, அப்படியென்றால் ஒன்றரைக் கிலோ. பயணத்தில் அதில் கால்வாசி போதும், எப்படியும் பத்து நிமிடத்தில் அந்தப் பை உன் கைக்கு வந்துவிடும். உள்ளே உன் போன் நம்பரை ஒரு அட்டையில் எழுதிப் போடு. வெளியே பேர் எழுதாதே.

புதுப் பையின் வார் நுனி நீளமாகத் தொங்கும். அதை வெட்டிவிடாதே, பக்கிளிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். இங்கே வந்ததும் இரண்டு மடிப்பாக மடித்துத் தைத்துத் தருகிறேன்.

அப்பா